வாட்ச் கூப்பிட்டால்

மார்ச் 3

மகள் அனுப்பிய பார்சல் வந்தது. ஒரு வாட்ச், கட்டிலுக்கு அடியில் ஒட்டுகிற விளக்கு, குளியலறைக்கு ஒரு ரப்பர் விரிப்பு. விளக்கை நானே ஒட்டினேன். காலைத் தரையில் வைத்ததும் தானாக எரிகிறது. காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இது ஒரு வேலையா?

விரிப்பைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன். அந்த அறையில் எல்லாம் என் மனைவி வைத்த இடத்திலேயே இருக்கிறது. புதிதாக எதையும் போட மனம் வரவில்லை. போன வருடம் அங்கேதான் விழுந்தாள். நான் கடைக்குப் போயிருந்தேன். இடுப்பு எலும்பு போனது, அதன்பின் அவள் எழுந்திருக்கவேயில்லை. அதிலிருந்து மகளுக்குப் பயம். நான் விழுந்தால் வாட்ச் கண்டுபிடித்து அவளைக் கூப்பிட்டுவிடுமாம்.

மார்ச் 9

முட்டி வலி. சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தேன். வாட்ச் துடித்தது. அதை நிறுத்தத் தெரியாமல் நான் திண்டாடுவதற்குள் மணிக்கட்டிலிருந்து மகளின் குரல். "அப்பா... அப்பா, பேசுங்கப்பா." மீட்டிங்கை விட்டு வெளியே ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. ஒன்றுமில்லை என்றதும் திட்டினாள். பிறகு சாப்பாடு, மாத்திரை, முட்டி, பக்கத்து வீட்டுப் பூனை என்று வெகுநேரம் பேசினாள். பூனையைக்கூட மறக்கவில்லை.

நான் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்." அந்த அப்புறம் எந்தக் கிழமையில் வருமோ. வாட்ச் கூப்பிட்டால் உடனே வருகிறாள்.

மார்ச் 10

போன் வரவில்லை.

மார்ச் 14

சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தேன். வேண்டுமென்றேதான்.

மார்ச் 22

மறுபடியும். லிஃப்டில் அலாரம் பட்டனை விளையாட்டாக அமுக்குகிறவர்களைத் திட்டித் திட்டியே தொண்டை வற்றியவன் நான். இப்போது யார் என்னைத் திட்டுவது? ஆனால் இன்று அவள் சிரித்தாள். அவள் அம்மாவைப் போலவே, பாதியில் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து. போன் வைத்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் முழுக்க அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. இல்லை, போதவில்லை. பொய் எதற்கு?

மார்ச் 27

உட்கார்ந்தேன். வாட்ச் சும்மா இருந்தது. எழுந்து இன்னும் பலமாக உட்கார்ந்தேன். சோபாதான் முனகியது.

பிற்பகல் மகளிடமிருந்து செய்தி. வாட்ச் காரணமில்லாமல் அடிக்கிறதாம், அவள் போனிலிருந்தே அதன் உணர்திறனைக் குறைத்துவிட்டாளாம், இனிமேல் எனக்குத் தொந்தரவு இருக்காதாம். தொந்தரவு!

லிஃப்ட் கதவு சும்மா சும்மா திறக்கிறது என்று புகார் வந்தால் சென்சாரைக் குறைத்துவிட்டுப் போகிற ஆட்களை எனக்குத் தெரியும். அப்புறம் குறுக்கே யார் நின்றாலும் கதவுக்குத் தெரியாது. அவளைக் குறை சொல்ல முடியாது. புகாரே நான் கிளப்பியதுதானே.

ஏப்ரல் 2

விழுந்துவிட்டேன். நிஜமாக.

குளியலறையில் ஈரத்தில் கால் வழுக்கியது. வாளியைப் பிடித்தேன், வாளியும் என்னோடு வந்தது. சுவரில் சரிந்து சரிந்துதான் விழுந்தேன், அதனால் தோளோடு போயிற்று. வாட்ச் மூச்சு விடவில்லை.

தரையில் கிடந்தபடி பார்த்தால் குழாயின் அடிப்பக்கம் தெரிகிறது, அதில் துருப்பிடித்த ஒரு வளையம். அவளும் அன்றைக்கு இதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பாள். என்னைக் கூப்பிட்டிருப்பாளே. என்னையே திட்டிக்கொண்டேன்— எங்கடா போயிருந்தே நீ? கடையில பேச்சு ஒரு கேடா உனக்கு?

எப்படியோ எழுந்தேன். முதல் வேலையாக ரப்பர் விரிப்பைப் போட்டேன்.

மகளிடம் சோபா விஷயத்தைச் சொன்னால் இனி அந்தப் பதறும் குரல் கிடையாது. சொல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் வளையல். நான் இப்படிக் கிடந்து போனால் அவள் அதை எப்படித் தாங்குவாள்?

ஏப்ரல் 3

நானே கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாள். அப்புறம் வேண்டாம், இப்போதே கேள் என்றேன். சோபா விஷயம், நேற்று விழுந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். தோளைப் பற்றி மட்டும் கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் அம்மா மாதிரி கிடக்கறீங்கன்னு நெனச்சுதான்பா ஓடி வந்தேன்."

வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 4

கடுத்த கால்களோடு மறதியாகத் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். வாட்ச் துடித்தது. உணர்திறனைப் பழையபடி கூட்டி வைத்திருக்கிறாள். அவளுக்குப் போவதற்குள் நானே நிறுத்தினேன்.

ஏப்ரல் 8

போன் வரவில்லை. குளியலறையில் பிடிமானத்துக்கு ஒரு கம்பி பொருத்தினேன். துருப்பிடித்த வளையத்தையும் மாற்றினேன். பழையதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, அலமாரியில் இருக்கிறது. அவள் குரலைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. இரண்டு பேர் குரலையும்.

ஏப்ரல் 12

ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாட்ச் துடித்தது. எதன் மேலும் இடிக்கவில்லை, உட்காரக்கூட இல்லை. நிறுத்தப் பார்ப்பதற்குள் அவள் குரல்.

"விழலம்மா. சத்தியமா விழல. நின்னுட்டுதான் இருக்கேன்."

"தெரியும்பா," என்றாள். "நான்தான் கூப்பிட்டேன்."

மீட்டிங் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம், அது பாட்டுக்கு நடக்கட்டுமாம். பூனை எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு, மெதுவாக உட்கார்ந்தேன்.