எலுமிச்சம்பழம் கட்டிய கார்

12 ஆகஸ்ட் 1986, செவ்வாய்

போன மாதம் நான் புரோக்கராக நின்று விற்றுக்கொடுத்த வெள்ளைக் காரைச் செல்வராசு இன்று என் முதலியார்பேட்டைக் கடைக்கே ஓட்டிக்கொண்டு வந்தான். மில் வேலை போனபிறகு அந்த டாக்சிதான் அவன் குடும்பத்துக்குச் சோறு.

"பிரேக் புடிச்சா ஒரு பக்கமா இழுக்குதுண்ணே. கண்ணு பட்டுருக்குமோ?"

இந்தக் கார் செய்த வருஷத்து வண்டிகளில் பிரேக் குழாய் சரியில்லை, கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனி பழைய சொந்தக்காரருக்குச் சொல்லியிருந்தது. அவர் விற்கும்போதே என்னிடம் சொன்னார். கம்பெனியே திரும்பக் கூப்பிட்ட வண்டி என்று பேர் வந்தால் இந்த ஊரில் யார் வாங்குவார்கள்? நான் வாயைத் திறக்கவில்லை.

இன்றும் திறக்கவில்லை. "செவ்வாக்கெழமதான, சுத்திப் போட்டுடலாம்" என்றேன். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து என் கையாலேயே முன்பக்கம் கட்டினேன்.

"இப்பதான் மனசு லேசாச்சுண்ணே. விடிகாலையில புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு திருவண்ணாமல போறேன்" என்றான்.

ராத்திரி ஆகிவிட்டது. சோப்புப் போட்டும் கையில் மிளகாய் எரிச்சல் போகவில்லை. அவன் வீடு அடுத்த தெருதான். கதவைத் தட்டினால் எழுந்துவிடுவான். சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.