ரசப்பொடி டப்பாவுக்கு அடியில் இருந்த தாள்

செவ்வாய், மார்ச் 4. ரிச்சர்ட்சன் நகரம்.

காலையில் பழைய கம்பெனியின் வக்கீல் அழைத்தார். அவர்கள் விற்ற ஒரு பேட்டரி பற்றி கம்பெனி மேல் வழக்கு. விலகிப்போன அதிகாரிகளிடம் உள்ள காகிதங்களையும் கம்பெனிதான் கேட்டு வாங்கிக் கோர்ட்டில் தரவேண்டுமாம். அங்கே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவியாக இருந்தவள் நான். "ஒரு தாள்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை" என்றேன், கொஞ்சம் கர்வமாகவே.

மதியம் சமையலறை அலமாரியைத் துடைத்தேன். ரசப்பொடி டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த தாளைப் புரட்டினால், அதே பேட்டரியின் சோதனை அறிக்கை. வெற்றுப் பக்கம் வீணாகக் கூடாதென்று நான்தான் கொண்டுவந்திருக்கிறேன். 'அதிகம் சூடாகிறது' என்று ஓரத்தில் என் குறிப்பு. கீழே ஒப்புதல் கையெழுத்தும் என்னுடையதே.

மகன் சிரித்தான். "கிழிச்சுப் போடும்மா. உன் ரசப்பொடி டப்பாவ யாரு வந்து செக் பண்ணப் போறா?"

"இல்லைன்னு சொல்லிட்டேனேடா."

"மறந்துட்டேன்னு சொல்லு. உன் வயசுக்கு நம்பிடுவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. தாளை உறையில் போட்டு வைத்துவிட்டேன். நாளைக் காலையில் நானே வக்கீலைக் கூப்பிட்டு, சொன்னது தவறு என்று சொல்வேன். அது என்னால் முடியும். அந்த பேட்டரியால் யாருக்கு என்ன ஆயிற்று என்று வக்கீல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்காமல் இருக்க முடியாது.