பதினேழாம் இலக்க லொறியின் கறள்

2003 மே 12, திங்கள்

இன்றைக்கும் ஒரு பஸ்ஸின் கறளை மூடினேன். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற பஸ். வலது பக்க அடித்தகடு துருப்பிடித்து உக்கிப் போயிருக்கிறது, விரலால் குத்தினால் விரல் உள்ளே போகும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்ட வேண்டும் என்றேன். கராஜ் முதலாளி மூக்கன் அண்ணை சிரித்தார். "பேஸ்ற்றை அப்பித் தேய்ச்சு வெள்ளையை அடி தம்பி. கறள் கண்ணில படக்கூடாது. எங்கட வேலை அவ்வளவுதான்."

கிளிநொச்சி முழுக்க இந்த வேலைதான் நடக்கிறது. துவக்குச் சூடு பட்ட சுவருக்குச் சீமெந்து அப்பி, மஞ்சள் அடித்து, அதன் மேல் சமாதானம் என்று எழுதுகிறார்கள். எழுத்து வடிவாகத்தான் இருக்கிறது. உள்ளே ஓட்டை அப்படியே.

ஸ்கந்தபுரத்துக்குச் சைக்கிளில் வந்து, கை கழுவி, இதற்கு நேர்மாறான வேலையில் உட்கார்ந்தேன். பகலில் கறளை மறைக்கிறேன், பின்னேரம் கறள் பூசுகிறேன்.

என் லொறி ஒரு சாண் நீளம். நாற்பதில் ஒரு பங்கு அளவு. ரெயில்பாதை திருத்துகிற லொறி அது. மற்ற லொறிகள் மாதிரித்தான் இருக்கும், ரயருக்குப் பதில் இரும்புச் சில்லு, தண்டவாளத்தில் ஓடும். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் அப்பா ஓட்டியது. இலக்கம் 17. உடம்பைப் பால்மாப் பேணித் தகரத்தில் வெட்டினேன். சில்லுக்கு இரும்பு வாசர், சின்னதும் பெரியதுமாகச் சேர்த்து ஈயம் வைத்தது.

ஆகஸ்டில் வவுனியாவில் கண்காட்சி. 'வடக்கின் ரெயில்பாதை: நேற்றும் நாளையும்.' கொழும்பிலிருந்து ரெயில்வேப் பெரியவர்கள் வருவார்களாம். வரட்டும். பதின்மூன்று வருஷம் வெயிலிலும் மழையிலும் ஒரு லொறியை விட்டால் எப்படி இருக்கும் என்பதை அவர்களின் மூக்குக்குக் கீழே வைக்கிறேன்.

மே 18

முதலில் முழு உடம்புக்கும் மண்ணிறம். அது காய்ந்த பிறகு தண்ணீர் தடவி, கறள் வர வேண்டிய இடத்தில் உப்புத்தூளைத் தூவ வேண்டும். அதற்கு மேல் மஞ்சள் பெயின்ற். மஞ்சள் காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால் அந்த இடத்தில் பெயின்ற் உரிந்து, அடியில் மண்ணிறம் தெரியும். உரிந்த விளிம்பு அச்சொட்டாக உண்மை லொறி மாதிரி.

எங்கே தூவுவது என்பதுதான் கதை. கறள் கண்டபடி வராது. தண்ணீர் தங்குகிற இடத்தில் வரும் — கதவின் அடி, ஆணித் தலையின் கீழ், மட்கார்ட்டின் உள்மடிப்பு. கராஜில் ஒவ்வொரு லொறியாகக் குனிந்து பார்க்கிறேன். மூக்கன் அண்ணைக்கு நான் உழைக்கிற மாதிரித் தெரிகிறது.

அம்மா: "குசினி உப்பையும் விட்டு வைக்கமாட்டியோ?"

மே 25

நாஸிம் வந்தான். பழைய இரும்பு எடுத்து விற்கிறவன். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை, அவனுடைய ஆக்களை, முல்லைத்தீவிலிருந்து துரத்தியபோது அவனுக்கு எட்டு வயது. புத்தளத்தில் வளர்ந்து, போன வருஷம் சண்டை நின்று பாதை திறந்த பிறகு வாப்பாவோடு திரும்பி வந்திருக்கிறான். துரத்தினதைப் பற்றி எங்களுடைய ஆட்கள் கதைப்பதில்லை. அதற்கும் வெள்ளை அடித்தாயிற்று.

ஒரு துண்டுத் தண்டவாளம் கொண்டுவந்தான். பங்கருக்குக் கூரையாய்க் கிடந்தது. அதன் கறளைச் சுரண்டி, துணியில் அரித்து, மாவாக்கினேன்.

"நீ கறள் பூசிறாய், நான் கறள் விக்கிறன்," என்றான். "ரெண்டு பேருக்கும் பிழைப்பு இதுதான் மச்சான். உங்கட அப்பாட லொறியையும் நான் நிறுத்து வித்திருப்பன், ஆர் கண்டது?"

"வித்திருந்தால் ஒரு கதவாவது தாடா."

"கதவோ? அது இப்ப சட்டியாகி ஆற்றயோ அடுப்பில கிடக்கும்."

தண்டவாளத்தைக் கழற்றாத ஆள் இந்த நாட்டில் யார்? இந்தப் பக்கமும் கழற்றியது, அந்தப் பக்கமும் கழற்றியது. பங்கர் போட ரெயில்பாதை மாதிரி வேறொன்றில்லை. இப்போது இரண்டு பக்கமும் சேர்ந்து கண்காட்சி வைக்கிறார்களாம்.

ஜூன் 8

கண்காட்சிக் குழுவிலிருந்து ஜெகதீஸ்வரி அக்கா வந்து பார்த்தா. நல்ல மனுசி. அதுதான் எரிச்சல். கெட்டவர்களோடு சண்டை பிடிக்கலாம்.

"கெட்டித்தனமான வேலை தம்பி. ஆனா பாக்கிற சனத்துக்கு ஒரு நம்பிக்கை வர வேணும். இதுக்கு மேல புது மஞ்சள் ஒண்டு அடிச்சு விடுங்கோவன்."

"அடிக்கமாட்டன் அக்கா. லைன் இல்லாத ஊரில லொறி எப்பிடிப் புதுசா நிக்கும்?"

"எல்லாத்தையும் இப்பிடிக் குத்திக் காட்டினால் என்னண்டு முன்னுக்குப் போறது?"

மூடி வைத்து முன்னுக்குப் போன பஸ்ஸை எனக்குத் தெரியும். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனா.

ஜூன் 15

சில்லுக்கும் கறள்மா பூசி முடித்தேன். உள்ளும் புறமும். இனி ஒரு குறையும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

அப்பாவோடு சண்டை.

அப்பா இவ்வளவு நாளும் லொறியின் பக்கம் வரவில்லை. வயலும் அவருமாக இருப்பார். இன்றைக்கு வந்து கையில் எடுத்தார். கதவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். சில்லைப் பார்த்ததும் முகம் மாறியது.

"ஆர் உனக்குச் சொன்னது என்ர சில்லு கறள் பிடிச்சதெண்டு?"

"பதின்மூண்டு வருஷம் நிண்ட லொறியில கறள் பிடிக்காமல் பூவோ பூக்கும்?"

"நம்பரை அழி. அழிச்சுப்போட்டு என்ன ஊத்தையை வேணுமெண்டாலும் பூசு. பதினேழு எண்டு போட்டு இதைக் கொண்டு போகாதை."

"அழிக்கமாட்டன். இது அவங்களுக்குக் காட்டத்தான் செய்தது."

"எதைக் காட்ட? நான் விட்டிட்டு ஓடினனான் எண்டோ? அதை அவங்களே எழுதி வச்சிருக்கிறாங்கள். இப்ப என்ர மோன் அதைத் தகரத்தில செய்து கொண்டு போறான். நல்லாயிருக்கு."

லொறியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் எறிந்தார். ஒரு பக்கக் கண்ணாடித் தகடு வளைந்துவிட்டது. நான் என்ன சொன்னேன் என்று எழுதக் கூடாது. அம்மா நடுவில் வந்து நின்றா.

எழுதி வைத்திருக்கிறார்களா? யார்? என்னத்தை? இந்த வீட்டில் எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஜூன் 23

அம்மா சொன்னா. சொல்லும்போது பானையைப் போட்டு உரஞ்சிக்கொண்டே இருந்தா.

போன வருஷம் பாதை திறந்ததும் அப்பா வவுனியாவுக்குப் போனாரே, அது பழைய வேலையைப் பற்றிக் கேட்கவாம். ரெயில்வேக் கந்தோரில் இருந்த ஒருவன் தாளைப் பார்த்துச் சொன்னானாம்: 'நீங்கள் வாகனத்தைக் கைவிட்டிட்டுப் போன ஆள்.' அப்பா அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"கைவிட்டதாம். தொண்ணூறில ரெயில் நிண்டது. மேலயிருந்து ஓடரும் இல்லை, சம்பளமும் இல்லை. மற்ற ஆக்கள் எல்லாம் ஊருக்குப் போட்டினம். இந்த மனிசன் ஒவ்வொரு நாளும் விடியச் சைக்கிளில ஸ்ரேசனுக்குப் போய் லொறியை ஓட்டிப்போட்டு வாறவர். டீசல் எங்க? மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊத்தினவர். தேங்காயெண்ணெய் என்ர குசினிப் போத்தில்."

"எங்க ஓட்டினவர்? லைனைக் கழற்றிப்போட்டாங்களே."

"ஸ்ரேசனுக்கு முன்னால கொஞ்சம் விட்டவங்கள். அதுக்குள்ள முன்னுக்கும் பின்னுக்கும். நிண்டால் சில்லு இறுகிப் போகுமாம். திரும்ப லைன் போடேக்க முதல் ஓட வேண்டியது தன்ர லொறியாம். தொண்ணூற்றாறில நாங்கள் கிளிநொச்சியை விட்டு இடம்பெயரிற அண்டும் ஓட்டிப்போட்டுத்தான் வந்தவர்."

அதன் பிறகு கிளிநொச்சியில் ஒன்றும் மிஞ்சவில்லை. லொறி என்ன ஆனது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஆறு வருஷம்! அப்போது அப்பாவின் சட்டையில் வடை பொரித்த மணம் வரும். எங்கேயோ களவாகத் தின்றுவிட்டு வருகிறார் என்று நினைத்திருக்கிறேன்.

ஜூன் 24

கோபம் போகவில்லை. இடம் மாறியிருக்கிறது. அந்தத் தாளை எழுதியவன் ஸ்ரேசன் பக்கம் வந்து பார்த்தானா? இல்லை. மேசையில் இருந்துகொண்டே, இப்படித்தான் நடந்திருக்கும் என்று எழுதினான். நான்? நானும் பார்க்கவில்லை. கராஜில் வேறு லொறிகளைப் பார்த்து, இப்படித்தான் நின்றிருக்கும் என்று பூசினேன். இதில் நான் உண்மையை விரும்புகிற ஆளாம்.

ஜூன் 29

திரும்பத் தொடங்கியாயிற்று.

ஓடுகிற சில்லில், தண்டவாளத்தில் உரஞ்சுகிற வளையம் மட்டும் மினுங்கும். பக்கங்களில் எண்ணெயும் புழுதியும் ஊறிக் கறுத்திருக்கும். கறள் பிடித்த வளையம் என்றால் நின்றுபோன சில்லு. பதினேழு நிற்கவில்லை. நாலு சில்லின் வளையத்தையும் எமரிப் பேப்பரால் தேய்த்தேன், வெள்ளிக் காசு மாதிரி வரும் மட்டும்.

கதவின் கறளில் பாதியை எடுத்துவிட்டேன். அப்பா கழுவியிருப்பார். புகைக் குழாய்க்கு மேலே மட்டும் அடர்ந்த கறுப்பு, தேங்காயெண்ணெய்ப் புகை கொழுப்பாய்ப் படிந்த மாதிரி, மண்ணெண்ணெயில் கரைத்த பெயின்றைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். உடுப்பில் பட்டால் போகாத மாதிரி.

நம்பரை அழித்துவிட்டேன். அந்த இடம் வெறும் மஞ்சள்.

ஜூலை 20

அடித்தளம் செய்தேன். பலகையில் கிறவல் மண்ணும் சல்லிக் கல்லும். நாஸிம் குடைக்கம்பி கொண்டுவந்தான், தண்டவாளத்துக்கு. லொறியின் நீளத்தைப் போல இரண்டு மடங்குதான் போட்டேன். இரண்டு முனையிலும் தண்டவாளம் சட்டென்று முடிகிறது, அங்கே வெறும் சல்லி.

"லைனை முடிச்சு விடன்ரா," என்றான் நாஸிம். "கம்பி கிடக்கு."

அப்பாவின் கதையைச் சொன்னேன். கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான். "என்ர வாப்பாவும் புத்தளத்தில இங்கத்தைக் கடையின்ர பூட்டுத் திறப்பை ஒவ்வொரு வெள்ளியும் எண்ணெய் போட்டுத் துடைப்பார்," என்றான். "இங்க வந்து பாத்தா கடையே இல்லை."

லொறியை அலுமாரிக்கு மேல் திரும்ப வைத்தேன், அப்பாவின் கண்ணில் படுகிற மாதிரி.

ஆகஸ்ட் 13

அப்பா வயலுக்குப் போகும்போது, என்னைப் பார்க்காமல், "நம்பரை எழுது," என்றார்.

ஆகஸ்ட் 15

வவுனியா. நாஸிமின் உறவினர் வீட்டில் நிற்கிறோம். அப்பாவும் வந்திருக்கிறார். ஏன் என்று கேட்கவில்லை.

வழியில் எங்கள் பக்கச் சோதனைச் சாவடியில் லொறிக்குள் என்ன என்று கேட்டு, ஒருவன் கத்தி முனையால் இடது கதவைச் சுரண்டிப் பார்த்தான். ஓமந்தையில் ஆமிக்காரன் வலது கதவைச் சுரண்டினான். பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு கீறல். பத்து மாதம் பழகினாலும் எனக்கு அப்படி இயல்பாக வராது. திருத்தவில்லை, இருக்கட்டும்.

ஆகஸ்ட் 16, சனி

கொழும்பு ரெயில்வேப் பெரியவர் வருவதற்குச் சற்று முன்னால் ஜெகதீஸ்வரி அக்கா என் மேசையில் இரண்டு பூச்சாடிகளைக் கொண்டுவந்து வைத்தா. தண்டவாளம் முடிகிற இரண்டு முனையிலும். இலை மறைத்ததும் பாதை அங்கால் போகிற மாதிரியே இருந்தது. நான் வாயைத் திறக்க முதல் மாலையும் கமராவுமாக எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"இது ஒரு தம்பி செய்தது சேர். இனி ஓடப் போற லொறி."

பெரியவர் குனிந்தார். "வடிவாய் இருக்கு. ஏன் சில்லு மட்டும் மினுங்குது?"

அப்பா எனக்குப் பின்னால் நின்றவர். முன்னால் வந்தார். ஒரு பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்தார். மற்றதையும் எடுத்து வைத்தார். அவசரப்படவில்லை.

"ஓடினது, சேர்."

"இவ்வளவு லைனிலயோ?"

"இவ்வளவுதான் விட்டவங்கள். இதுக்குள்ளதான் ஓட்டினனான். ஆறு வருஷம்." பிறகு சொன்னார்: "பரமலிங்கம். பதினேழாம் நம்பர். நான் கைவிட்டிட்டுப் போனதெண்டு உங்கட தாளில கிடக்கு."

கமராக்காரன் கூடக் கையை இறக்கிவிட்டான். பெரியவர் சில்லைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "பாப்பம்," என்றார். அடுத்த மேசைக்குப் போனார்.

பாப்பமாம்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா லொறியை மடியில் வைத்திருந்தார். முறிகண்டிக்குக் கிட்டத் தூங்கிவிட்டார். கை மட்டும் விடவில்லை.

நவம்பர் 9

மழை. பள்ளிக்கூட பஸ் திரும்பி வந்திருக்கிறது. அடித்த வெள்ளை முழுக்கக் கொப்பளம். மூக்கன் அண்ணை என் முகத்தைப் பார்க்காமல், "வெட்டித் தகடு போடு," என்றார்.

2004 ஆகஸ்ட் 16

பாப்பம் என்று சொல்லிப் போய் ஒரு வருஷம். ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை.

2006 ஆகஸ்ட் 12

திரும்பவும் சண்டை. பாதையை மூடிவிட்டார்கள். நாஸிம் அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டான். வெள்ளை அடித்ததெல்லாம் இனி உரியும்.

2008 நவம்பர் 30

தர்மபுரம். தறப்பாள் கூரைக்குக் கீழே. ஸ்கந்தபுரத்தை விட்டு வந்து நாலாவது இடம். ஒரு கிழமையாக மழை, நிலமெல்லாம் தண்ணீர், செல் விழுகிற சத்தம் மேற்கிலிருந்து நெருங்கி வருகிறது. இந்தக் கொப்பி அரிசிப் பையின் அடியில் இருந்ததால் நனையவில்லை. எங்களைக் கணக்கெடுக்க ஒருவரும் இல்லை. நாளைக்கு யாரோ ஒருவன் ஒரு மேசையில் இருந்து, இந்தச் சனம் இங்கே இருக்கவே இல்லை என்று எழுதுவான். எழுதுவான், எனக்குத் தெரியும்.

அம்மா சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்ததைப் பிரித்தா. லொறி. நான் கொண்டுவரச் சொல்லவில்லை. அப்பா சொல்லியிருக்க வேண்டும். நனைந்திருந்தது.

நான் பூசிய கறள் பூசிய இடத்திலேயே இருக்கிறது. இரண்டு சோதனைக் கீறலும் இருக்கின்றன. மினுங்கத் தேய்த்த வளையங்களில்தான் செம்மஞ்சளாய் ஏறியிருக்கிறது. நாலு சில்லிலும். இது நான் பூசாதது.

அப்பா வாங்கிப் பார்த்தார். "எமரி கிடக்கோ?"

"இல்லை அப்பா."

"காரியமில்லை."

ஈர மணலைக் கட்டியிருந்த சாரத்தின் மூலையில் எடுத்து ஒவ்வொரு சில்லாகத் தேய்க்கத் தொடங்கினார். செல் சத்தம் கேட்டபோது கை நின்றது, பிறகு தொடர்ந்தது. மினுக்கம் வந்ததும் தகரப்பெட்டி மூடியைத் திருப்பிப் போட்டு, லொறியை அதன் மேல் வைத்து, மூடியின் இந்த முனையிலிருந்து அந்த முனை மட்டும் உருட்டினார். பிறகு திரும்பவும் பின்னுக்கு.