மைக்கை அணைக்காமல் எடுத்த முப்பத்தெட்டு நகல்கள்

மார்ச் 4, செவ்வாய்

தங்கையின் தையல் வீடியோ பக்கத்தை மாதக் கடைசியில் மூடப்போவதாக அவள் கணவர் இன்று சொல்லிவிட்டார். அவள் இறந்து ஐந்து மாதமாகிறது. இன்னும் வீடியோக்களுக்குக் கீழே யாராவது, "அடுத்த தையல் வீடியோ எப்போ சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். "என்னால பார்க்க முடியல அண்ணி. வேணுங்கறத நீங்க எடுத்து வெச்சுக்குங்க" என்றார்.

மொத்தம் முப்பத்தெட்டு. பட்டன் தைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசலை மறைப்பது. அவள் மகள் குட்டிக்கு வயது ஐந்து. அம்மா போனதிலிருந்து என்னிடம்தான் இருக்கிறாள். வளர்ந்த பிறகு அம்மா குரலைக் கேட்டால் நான் எதைக் காட்டுவேன்?

மார்ச் 6

ஒரு வீடியோவும் இறங்கமாட்டேன் என்கிறது. டவுன்லோடு வசதியை மகராசி தானே அணைத்து வைத்திருக்கிறாள், யாரும் திருடிவிடக் கூடாதாம்! வீடியோ ஓடும்போது போன் திரையையே ரெக்கார்டு செய்யலாம் என்று கண்ணாடிக் கடையில் என்னோடு லென்ஸ் வெட்டுகிறவர் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் ஒன்பது எடுத்தேன்.

மார்ச் 7

என் புத்தியை என்ன சொல்ல! போன் மைக்கை அணைக்கவே இல்லை. அவள் குரலோடு எங்கள் வீட்டு மிக்ஸி, குழாய்ச் சத்தம், குட்டியின் இருமல் எல்லாம் பதிவாகித் தொலைத்திருக்கிறது.

மார்ச் 8

காலர் வீடியோ. நகலில், குட்டி இருமுகிற இடத்தில், அவள் ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள்.

இணையத்தில் உள்ள அசலைப் பத்து தடவை போட்டுப் பார்த்தேன். அதில் நிமிரவே இல்லை. தைத்துக்கொண்டேயிருக்கிறாள்.

கண் கெட்டுப்போச்சா எனக்கு? கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவளுக்கு!

மார்ச் 11

இன்று வேண்டுமென்றே மைக்கை விட்டுவைத்தேன். பாக்கெட் வீடியோ ஓடும்போது, "ஏய், கேக்குதாடி?" என்றேன். நகலில் தலையாட்டுகிறாள். அதையே இன்னொரு தடவை எடுத்தால் ஒன்றுமில்லை. ஒரு வீடியோவுக்கு ஒரு தடவைதான் போலிருக்கிறது. மிச்சம் இருபத்தெட்டு.

பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

மார்ச் 15

சொல்லிவிட்டேன். அன்னைக்குக் கடைசியா நீ மூணு தடவ கூப்பிட்டும் வீம்புக்கு நான் போன எடுக்கல, மன்னிச்சுக்கோடி என்று. நகலில் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொல்கிறாள்: "விடுக்கா."

ஐந்து மாதத்தில் இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 19

இப்போதெல்லாம் குட்டிதான் பேசுகிறாள். பல் விழுந்தது, வகுப்பில் யாரோ கிள்ளியது, ஒன்று விடுவதில்லை. நகலில் தங்கை தையலை மடியில் போட்டுவிட்டுக் கேட்கிறாள், சிரிக்கிறாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மார்ச் 23

கடைசி ஒன்று. குட்டி போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கேட்டாள், "எப்பம்மா வருவ?"

நகலைப் போட்டோம். தங்கை ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினாள். "நீ வாடா கண்ணு" என்றாள். எவ்வளவு ஆசையாகச் சொன்னாள்!

குட்டி எழுந்து செருப்பைத் தேடினாள்.

மார்ச் 24

காலையில் பள்ளியிலிருந்து போன். குட்டி கேட்டுக்கு வெளியே, ரோட்டு ஓரத்தில் நின்றாளாம். "அம்மா கூப்பிட்டா" என்றாளாம். ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

வந்ததும் பழைய நகல்களைத் திறந்தேன். எதிலும் தையல் இல்லை. முப்பத்தெட்டிலும் கையைக் கட்டிக்கொண்டு நேராக என்னைப் பார்க்கிறாள். "குட்டிய அனுப்புக்கா." விடுக்கா என்று சொன்னாளே, அதிலும் இப்போது இதுதான்.

அடிப்பாவி. உன் பிள்ளதான்டி, இல்லேன்னா சொன்னேன்? எப்படிடி அனுப்புவேன்?

ஒவ்வொன்றாக அழித்தேன். பதினைந்தாம் தேதி எடுத்ததைக் கடைசியில் அழித்தேன். நிமிர்ந்தால் கதவருகே குட்டி. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

மார்ச் 31

பக்கத்தை மூடியாயிற்று. "எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டீங்கல்ல அண்ணி? என்னைக்காவது பார்க்கணும்னு தோணுமே" என்றார்.

"ஒண்ணுகூட எடுக்க வரல" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். பாவம்.

ஏப்ரல் 2

குட்டி என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது. பெரியம்மா என்று வாய் திறந்து கூப்பிடுவதில்லை. போகட்டும். பள்ளி விட்டு வந்ததும் என்னை முறைத்துவிட்டு, கதவைப் படாரென்று சாத்துகிறாள். தினம் நாலு மணிக்கு அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு உயிர் இருப்பதில்லை.