அண்ணி நட்ட மரவள்ளி

என் பிரியமுள்ள அண்ணி,

நீங்கள் நட்டுவிட்டுப் போன மரவள்ளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கிழங்கு வெட்டியாகிவிட்டது. குச்சிகளைக் கொளுத்திவிட்டோம். இதை யாராவது உங்களிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்?

நீங்கள் போன பிறகு அந்தக் கொல்லைக்குள் அண்ணன் வேறு யாரையும் விடவில்லை. தண்ணீர் பாய்ச்சியதும் களை எடுத்ததும் அவர்தான். அறுவடை முடிந்ததும் நல்ல குச்சிகளாகப் பொறுக்கிக் கட்டி, வேப்பமர நிழலில் நிறுத்தி வைத்தார். வெள்ளிமலையில் இருக்கும் உங்கள் தோழி லட்சுமிக்கு விதைக்குச்சி தருவதாக நீங்கள் சொல்லியிருந்தீர்களாம். அதை மலைக்கு ஏற்றிப்போக வண்டியும் பேசிவிட்டார்.

வண்டி வருவதற்குள் நான் போய்க் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். எங்கிருந்தோ வந்த மாவுப்பூச்சி நம் ஊர் மரவள்ளியை அழித்த வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. நுனி இலையெல்லாம் சுருண்டு, செடி வளராமல் நின்றுபோனதே. பூச்சியை நாமேதான் குச்சியோடு ஊர் ஊராக ஏற்றி அனுப்புகிறோம் என்று வேளாண் அலுவலகத்தில் சொன்னார்கள். அன்றிலிருந்து வாரம் தவறாமல் என் செடிகளின் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன்.

உங்கள் குச்சிகளில் கணுவுக்குக் கணு வெள்ளை மாவு அப்பியிருந்தது. தேய்த்தால் விரலில் பிசுபிசுத்தது.

அண்ணனிடம் சொன்னேன். மருந்தில் நனைத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார். இவ்வளவு பூச்சி பிடித்த பிறகு அதை நம்ப முடியாது, கொளுத்தத்தான் வேண்டும் என்றேன்.

"இன்னாம்மா சொல்ற? அவ கையால நட்டதும்மா. அத எப்படிக் கொளுத்துவேன்?"

"மலையில இது இன்னும் ஏறல அண்ணா. அண்ணி பேரச் சொல்லி நாமளே ஏத்தி வுடணுமா?"

அவர் குச்சிக் கட்டைத் தொட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே லட்சுமிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். குச்சி கிடக்கட்டும், ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள் என்று அவள் அழைத்தாளாம்.

கட்டுகளை அண்ணனே சுமந்துபோய் நெருப்பில் போட்டார். ஞாபகத்துக்கு ஒரு குச்சியாவது எடுத்து வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நான் செய்தது சரிதானா அண்ணி? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அடுத்த வாரம் மலைக்குப் போனோம். லட்சுமியின் கொல்லையில் மூவருமாக இலை திருப்பிப் பார்த்தோம். எங்கும் மாவு இல்லை. வரப்பில் உட்கார்ந்து அவள் உங்களைப் பற்றிக் கேட்டாள். நீங்கள் போனதிலிருந்து உங்களைப் பற்றி நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், அன்றைக்குச் சாயங்காலம் வரை பேசினார். நடுவில் ஒருமுறை சிரிக்கவும் செய்தார்.

இப்போது உங்கள் கொல்லையில் பூச்சியில்லாத குச்சி வாங்கி நட்டிருக்கிறோம். துளிர் விட்டிருக்கிறது. அண்ணன் இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது பூச்சியா, தூசியான்னு பாரும்மா" என்று என்னைக் கூப்பிடுகிறார். பாதி நாள் தூசிதான். இருந்தாலும் போய்ப் பார்க்கிறேன். அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

செடிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணி. அண்ணனையும்.

உங்கள் நாத்தனார்,
கலா