வீட்டு நாய் செத்தால்

தம்பிக்கு,

உன் நாய் மிலோ செத்துப்போனதை ஸ்டேட்டஸில் பார்த்தேன். படத்துக்கு மாலை போட்டு, ஆபீஸுக்கு லீவும் போட்டிருக்கிறாய். நான் இருக்கும் ஷார்ஜாவிலிருந்து உன் துபாய் பக்கம்தான். ஆனாலும் துக்கம் கேட்க வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷ்ருதியை மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். எகிப்துச் சிற்பக் கல் ஒன்றில், எஜமானின் நாற்காலிக்கடியில் கழுத்துப்பட்டையோடு ஒரு நாய் படுத்திருந்தது. அந்தக் காலத்தில் வீட்டு நாய் செத்தால், வீட்டார் எல்லோரும் தலையையும் உடம்பையும் மழித்துக்கொள்வார்களாம். கைடு சொன்னார்.

"அப்போ மாமா மொட்டை போட்டுப்பாராம்மா?" என்றாள் ஷ்ருதி.

கோவையில் அப்பா காரியத்தன்று, சவரக்கத்தியோடு ஆள் காத்திருக்க, வாத்தியாரிடம் நீ சொன்னது அவளுக்குத் தெரியாது. "அடுத்த வாரம் கிளையன்ட் மீட்டிங் இருக்குங்க. மொட்டையெல்லாம் முடியாது. பேருக்கு ரெண்டு முடி எடுத்துக்கங்க."

உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா காதில் அது விழுந்தது. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நேற்று போனில் அம்மாவிடம் மிலோ விஷயத்தைச் சொன்னேன். "அவன் மனசு தாங்காதே. சாப்பிட்டானான்னு கேளு" என்றாள்.

அதற்காகத்தான் எழுதுகிறேன். சாப்பிட்டாயா?

அக்கா