கான்வாய் வரும்வரை கூரையைத் தொடாதே

மச்சான், காப்புறுதிக் கம்பெனி உங்களை ஏமாற்றியது. சந்தேகத்தில் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மாதம் தவறாமல் பணம் வாங்கிக்கொண்டது, முதல் தடவை கூரை போனபோது கைவிரித்தது.

இப்போது உங்கள் வீட்டு முன்னறையில், ஓட்டைக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முந்தாநாள் காற்றில் தகரங்கள் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. தூறல் நேராக உள்ளே விழுகிறது. துருப்பிடித்த தகரம் நனைந்தால் ஒரு வாசனை வருமே, வியர்த்த கையில் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தால் வருவது போல, அது வீடு முழுக்க நிற்கிறது. அந்த வாசனை வந்ததும் நீங்கள் ஏணியோடு வாசலில் நிற்பது போல இருந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாளைக் காலை, பட்டாளத்து வண்டிகளின் காவலோடு வரும் கான்வாயில் கம்பெனி ஆள் வருகிறார். அன்று கைவிரித்த அதே ஆள்தான். அவர் கண்ணால் பார்க்கும்வரை இந்த ஓட்டையை யாரும் அடைக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அடைத்துவிட்டால் புதுக் கூரை கிடையாது. மழைக்கு மழை உங்கள் மகளின் கட்டிலை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டே அக்கா காலம் தள்ள வேண்டியதுதான். ஆனால் அடைத்தே தீருவேன் என்று நிற்பதும் அக்காதான். காலையிலிருந்து எங்களுக்குள் சண்டை.

நீங்களும் நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். லயத்துக் கூரை துரையுடையது. உங்கள் அப்பாவின் முதுகு விழுந்து மலை ஏற முடியாமல் போனதும், கணக்கெழுதும் கிராணியை அனுப்பி வீட்டைக் காலி செய்யச் சொன்னார் துரை. ஆயுசு முழுக்கத் தேயிலை சுமந்தவருக்கு மழைக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் அடங்கவில்லை. நீங்கள் அதை அடக்க ஒரு வீட்டையே கட்டினீர்கள்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாதென்று அவசரகாலச் சட்டம் வந்து, காட்டோரம் சிதறிக் கிடந்தவர்களையெல்லாம் கோலா தெர்லாவுக்கு அந்தப் பக்கம் முள்கம்பி வேலிக்குள் குடிவைத்தார்கள். ஊரே அழுதது. தோட்டத்தை விட்டு வந்து சீன முதலாளியின் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்த நீங்கள் மட்டும் உங்களுக்கு ஒதுக்கிய மனையைக் காலால் அளந்துகொண்டு நின்றீர்கள். "மனுசனை மாடு மாதிரி அடைக்கிறானுங்க, நீங்க சிரிக்கிறீங்களே" என்று நான் கத்தினேன்.

"கம்பி அவனுங்களுது மாப்ளே. உள்ள நான் அடிக்கிற பலகை என்னுது லா. எந்தத் துரையும் வந்து எழுந்திரிடான்னு சொல்ல முடியாது."

காப்புறுதி யோசனையும் அந்த லோரியிலிருந்துதான் வந்தது. கல் பட்டு உடைந்த முன்கண்ணாடியைக் கம்பெனி மாற்றிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, வந்த ஏஜெண்டிடம் வீட்டுக்கும் எழுதிக்கொள்ளச் சொன்னீர்கள். அக்கா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "லோரி ரோட்ல ஓடுது, அடிபடுது, சரி. வீடு எங்க ஓடப் போவுது?"

"காத்தடிச்சா ஓடும் பாரு."

ஓடியது. மகள் பிறந்த வருடம், ஒரு மத்தியானம். அக்கா பிள்ளையோடு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ள, கூரை ஒவ்வொரு தகரமாகக் கிளம்பிப் போனது. சில முட்டைக்கோஸ் பாத்திகளில் குத்தி நின்றன. ஒன்று மட்டும் முள்கம்பி வேலியின் உச்சியில் போய்க் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கியது. எடுக்கப் போன உங்களை வேலிக் காவலர் துப்பாக்கியைக் காட்டித் திருப்பி அனுப்பினார். வேலிப் பக்கம் யாரும் நெருங்கக் கூடாது என்று உத்தரவாம். "உத்தரவு தகரத்துக்குத் தெரியலையே சார்" என்றீர்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தகரம் மட்டும் வரவில்லை.

கம்பெனி ஆள் உடனே வரவில்லை. தாப்பா ரோட்டில் எங்கேயோ சுட்டார்களாம், பட்டாளத்து வண்டிகள் முன்னும் பின்னும் வராமல் எந்த வாகனத்தையும் மேலே விடவில்லை. நீங்கள் மூவரும் அடுத்த வீட்டில் ஒண்டிக்கொண்டீர்கள். ஒருவழியாக அவர் வரும் நாள் தெரிந்தது. அப்போதுதான் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்த வேலையைச் செய்தீர்கள்.

"கோட்டுப் போட்ட மனுசன் நம்ம வீட்டுக்கு வர்றாரு. மழையிலயா உக்கார வைக்கிறது?" என்றாள் அக்கா. அவ்வளவுதான். நீங்கள் ஏணியைத் தூக்கினீர்கள். ஊரார் இரவல் கொடுத்தார்கள். ஒருவர் ஆட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு தகரம், ஒருவர் குளியலறையிலிருந்து ஒரு தகரம், பக்கத்து வீட்டுச் சீனர் கீரை கழுவும் கொட்டகையிலிருந்து சிவப்புச் சாயம் பூசிய ஒரு தகரம். இருட்டுவதற்குள் கூரை முழுசாகிவிட்டது. நான் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலையாக இருந்தேன். இருந்திருந்தால் ஏணியை உடைத்திருப்பேன்.

மறுநாள் அவர் வந்தார். குளிரில் நடுங்கிக்கொண்டு, தமிழர்தான். பெஞ்சில் உட்கார வைத்து, கெட்டிப்பால் போட்ட டீயைக் கையில் கொடுத்தீர்கள். மேலே பார்த்தார். சுற்றிலும் பார்த்தார்.

"சேதம் எங்கேங்க?"

"அதெல்லாம் நேத்தே முடிஞ்சிருச்சி சார். நீங்க வர்றப்ப நனையக் கூடாதில்ல?"

"நான் நனைஞ்சாத்தாங்க உங்களுக்குக் காசு" என்றார் அவர். "நான் பாத்ததைத்தான் எழுத முடியும்."

வேலியில் தொங்கிய தகரத்தைக் காட்டினீர்கள். கிட்டே போய்ப் பார்க்கக் காவலர் அவரையும் விடவில்லை. "அது யாரு வீட்டுத் தகரம்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார்.

"பாக்கணும், அவ்வளவுதானே? பாருங்க." நீங்கள் மேலே ஏறிவிட்டீர்கள். அங்கிருந்தே குரல் கொடுத்தீர்கள்: "அவங்கவங்க தகரத்தை அவங்கவங்க வந்து எடுத்துக்குங்கப்பா!" கல்யாணப் பந்தலைப் பிரிப்பது போல ஊர் கூடிப் பிரித்தது. சொல்லி வைத்தது போல மழையும் பிடித்துக்கொண்டது. கம்பெனி ஆள் டீ கிளாஸைக் கையால் மூடியபடி, மிச்சமிருந்த தகரத்துக்குக் கீழே பெஞ்சை நகர்த்தி நகர்த்திக் கடைசியில் அடுப்போடு ஒட்டி உட்கார்ந்தார். வேலை முடிந்து ஓடி வந்த நான் பார்த்த முதல் காட்சி அதுதான். கான்வாய் கிளம்பும் ஊதல் கேட்டதும் எழுந்தார்.

"பாத்துட்டேங்க. வீட்டுக்காரரே கூரையைப் பிரிச்சதைத்தான் பாத்தேன். அதுக்குக் கம்பெனி கொடுக்காது."

அவர் சட்டையைப் பிடிக்கப் போன என்னை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். பிறகு கொட்டும் மழையில் அதே தகரங்களைத் திரும்ப ஏற்றினோம். மேலே உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டே நீங்கள் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. "சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"டீயை மிச்சம் வைக்காமக் குடிச்சான் மாப்ளே. நல்லா இருந்திருக்கு."

உங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. ஏமாற்றுகிறவர்களுக்கு உங்களைப் போன்றவர்கள்தான் வசதி என்று அன்றே முகத்துக்கு நேரே சொன்னேன். "அப்ப நீ ஆணியை எடுத்துக் குடு" என்றீர்கள். கொடுத்தேன்.

போன வருடம் தாப்பா ரோட்டு வளைவில் உங்கள் லோரி உங்களோடு கவிழ்ந்தது. அந்த லோரிக்குக் கம்பெனி பேசாமல் கொடுத்தது. ஏன் தெரியுமா? நொறுங்கிய லோரியை யாரும் துடைத்து வைக்கவில்லை. விருந்தாளி வருகிறார் என்று யாரும் அதற்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. இப்போது புதுப் பச்சை நிறத்தில் கியா பார்ம் ஏற்றத்தில் அது முக்கிக்கொண்டு போகிறது. உங்கள் உயிருக்கென்று எந்தக் கம்பெனியும் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

அக்கா மட்டும் வீட்டுக் காப்புறுதிப் பணத்தை விடாமல் கட்டி வந்தாள். நீங்கள் ஆரம்பித்ததாம். அதனால்தான் இந்தத் தடவை நானே தானா ராத்தா டவுனுக்குப் போய்க் கம்பெனியில் சொல்லி, அந்த ஆளை வரவழைக்கிறேன். வேலியில் இப்போது தகரம் எதுவும் தொங்கவில்லை. இருக்கும் ஒரே சாட்சி இந்த ஓட்டைதான். உங்கள் சுத்தியல் என்னிடம்தான் இருக்கிறது, மச்சான். நீங்கள் போனதிலிருந்து எங்கே போனாலும் பையில் அதுவும் வருகிறது. கைப்பிடியில் உங்கள் விரல்கள் தேய்த்த பள்ளத்தில் என் விரல்கள் சரியாக உட்கார்ந்துவிட்டன. இன்று அக்கா கண்ணில் படாமலிருக்க அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பு வலிக்கிறது.

"ஒருத்தர் வர்ற வீட்டை இப்படியா வச்சிருப்பாங்க?" என்கிறாள். "அவரு என்னக்கா மாமன் மச்சானா?" என்கிறேன். "யாரா இருந்தா என்ன, மனுசன்தானே" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

போய் வெகுநேரமாகிறது. வாசலில் ஏணியைச் சாத்தும் சத்தம் கேட்கிறது. பக்கத்து வீட்டுச் சீனர் குரலும் கேட்கிறது. அவரிடமும் ஒரு சுத்தியல் உண்டு, நான் அதை மறந்துவிட்டேன். ஓட்டையின் ஒரு பக்கம் இருட்டுகிறது. சிவப்புத் தகரம்.

மச்சான், உங்கள் மனைவி நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீங்கள் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு நாள், அந்த ஆள் நன்றாக நனையட்டும், கூரையைத் தொடாதே என்று இப்போதே சொல்லுங்கள்.

சொல்லுங்கள், மச்சான்.